அண்ணன் வீட்டில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு 26 வயது, அண்ணனுக்கு 32. அப்பா காலமாகிவிட்டார். அரை ஏக்கர் தேயிலை, அம்மா பறித்துப் போடும் பச்சை இலைக்கு வரும் காசு, தனியார் பள்ளியில் வாசகி வாங்கும் சம்பளம், இதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் சி.டி.சி. மெஷினில் நின்றவர். எட்டு வருடத்துக்கு முன்னால், மெஷின் சத்தத்துக்கு நடுவே ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்று ஆரம்பித்தார். அப்புறம் தன் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்றார். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்துப் பார்த்து, மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். தேறி வேலைக்குப் போனார். மாத்திரையை விட்டார், திரும்ப வந்தது. சேர்த்தார்கள், தேறினார், மறுபடி விட்டார். கடைசித் தடவை நாலு பேர் கையையும் காலையும் கட்டி ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு மாத்திரை என்ற பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை. அம்மா மட்டும் தனியாகக் கோவைக்குப் போய் டாக்டரிடம் அழுதிருக்கிறார். அவர் ரிஸ்பெரிடோன் திரவ மருந்தை எழுதி, “எதிலாவது கலந்து கொடுங்க” என்று அனுப்பிவிட்டார். ஏழு மாதம் காலை டீயில் கலந்து கொடுத்தார்கள். முதலில் நல்ல மாற்றம் தெரிந்தது. போகப் போக, ஓரிடத்தில் உட்கார முடியாமல் ராத்திரியெல்லாம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். நோய் முற்றுகிறது என்று பயந்து அம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை, அம்மா சின்ன சிரிஞ்சில் மருந்தை இழுத்து டம்ளரில் விடுவதை அண்ணன் பார்த்துவிட்டார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. டம்ளரை வாங்கி வாசலில் கொட்டிவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் ஸ்டாப் கடையில் டீ, வர்க்கி, பன் என்று ஓட்டுகிறார். அம்மாவிடம் பேச்சில்லை.

வாசகி கேட்கிறார்: மறுபடி கட்டித் தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி உண்டா? மாதம் ஒரு ஊசி இருக்கிறதாமே, சத்து ஊசி என்று சொல்லிப் போட்டுவிடலாமா? ஐந்து வாரமாக மருந்தே இல்லை, ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே, ஒருவேளை நோய் போய்விட்டதா? சமவெளியில் ஓர் இடத்தில் 41 நாள் வைத்துக் குணமாக்குகிறார்கள் என்று பெரியப்பா சொல்கிறார், அனுப்பலாமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகுமா? கடைசியாக, கொஞ்சம் தயங்கி: எனக்கும் இது வருமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒரு டாக்டராக மருந்து, அளவு, தேதி என்று குறித்துக்கொண்டே போனேன். இரண்டாம் முறை அந்த டம்ளரைத் தாண்ட முடியவில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த டம்ளர்

உங்கள் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் இட்லி மாவிலும் சாம்பாரிலும் மருந்து கலந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொன்ன டாக்டரையும் நான் திட்டப்போவதில்லை, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், சொன்னபோது பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவும் நினைத்திருக்கிறேன்.

ஆனால் அண்ணன் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். ‘என் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்.’ எட்டு வருடம் முன்பு அவர் நோய் அவரிடம் சொன்னது இது. அதெல்லாம் உன் பிரமை என்று நீங்கள், அம்மா, டாக்டர், நர்ஸ் எல்லோரும் அவருக்குச் சொன்னீர்கள். இப்போது பெற்ற தாயே டீயில் எதையோ கலப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். இனி அவர் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டால் அதை நோய் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடைக்குப் போவதை நீங்கள் ‘திரும்ப வந்துவிட்டதற்கான அறிகுறியோ’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கடைக்குத்தான் போயிருப்பேன்.

இன்னொன்று. கேட்டால் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ரிஸ்பெரிடோன் திரவ மருந்தைத் தண்ணீரில் கலக்கலாம், காபியில் கலக்கலாம், ஆரஞ்சு ஜூஸிலோ கொழுப்பு குறைந்த பாலிலோ கலக்கலாம். கோலாவிலும் டீயிலும் கலக்கக் கூடாது என்று அந்த மருந்தின் மூலக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ‘எதிலாவது’ என்று சொல்லி அனுப்பியவர், நீலகிரியில் ஒரு தாய் எதில் கலப்பாள் என்று யோசிக்கவில்லை. அதனால் ஏழு மாதத்தில் அவர் உடம்பில் உண்மையில் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த ராத்திரி நடை. கலந்து கொடுப்பதில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். இந்த வகை மருந்துகளுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உடம்புக்குள் ஓர் இருப்புக்கொள்ளாமை வரும். கால் நமநமவென்று இருக்கும், உட்கார்ந்தால் எழத் தோன்றும், படுத்தால் நடக்கத் தோன்றும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றியது போலவே இருக்கும். நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து ஆரம்பித்த பிறகு வந்து, அளவைக் கூட்டியதும் அதிகமானது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பக்கமாகத்தான் கை காட்டுகிறது. தெரிந்து மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் “டாக்டர், இதைச் சாப்பிட்டதிலிருந்து கால் நிற்க மாட்டேங்குது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அளவைக் குறைத்திருப்போம், அல்லது வேறு மாத்திரை கொடுத்திருப்போம், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். தன் உடம்புக்குள் மருந்து போவதே தெரியாதவர் யாரிடம் போய் என்னவென்று சொல்வார்? அந்த இருட்டில், அந்தக் குளிரில், எதனால் நடக்கிறோம் என்று தெரியாமல் நடந்திருக்கிறார்.

நீங்கள் அரை வரியில் தாண்டிப்போன விஷயம்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ‘மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரோலர் பக்கத்தில் நிற்க முடியாது என்று ஏதாவது சாக்கு சொல்வான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். அது சாக்கு இல்லை.

சி.டி.சி. ரோலரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல் வைத்த இரண்டு உருளைகள் வேறு வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும். உங்கள் ஊர் ஃபேக்டரிகளில் இலை சாயங்காலம் வந்து எடை போட்டு, வாட்டி, சீசன் நேரத்தில் ராத்திரியில்தான் அரைக்க ஆரம்பிப்பார்கள். அண்ணனுக்கு எழுதியிருந்த மருந்து என்ன? ஒலான்சபின் 15 மில்லிகிராம், ‘இரவு ஒன்று’. தூக்கத்தை நன்றாகவே இழுத்துக்கொண்டு வரும் மருந்து அது. இரவு என்று எழுதிய டாக்டருக்கு இரவு என்றால் படுக்கும் நேரம், உங்கள் அண்ணனுக்கு அது ரோலர் ஓடும் நேரம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றால் விரல் போகும், வேலைக்குப் போகாமல் மாத்திரையைப் போட்டால் சம்பளம் போகும். அவர் மாத்திரையை விட்டார். ஃபேக்டரி அதிகம் ஓடுகிற மாதங்களில்தான் விடுவார் என்று நீங்களே இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத சிக்கலே அல்ல. ஒலான்சபின் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டும் என்பதுதான் கணக்கு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பவர் காலையில் போட்டுக்கொள்ளலாம். தூக்கம் குறைவாக வரும் வேறு மருந்துக்கு மாற்றலாம், அரிப்பிப்ரசோல் மாதிரி. பகல் ஷிஃப்ட் கேட்டு ஒரு சர்டிஃபிகேட் கொடுக்கலாம். “என்ன வேலை பார்க்கறீங்க, எத்தனை மணிக்குப் படுப்பீங்க?” என்று ஒரே ஒரு முறை யாராவது அவரைக் கேட்டிருந்தால் போதும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் டாக்டர் அம்மாவிடம்தான் பேசியிருக்கிறார். “தூங்குறானா? சாப்பிடுறானா? தொந்தரவு இருக்கா?” பக்கத்து நாற்காலியில் 32 வயது ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி ‘அவன்’ என்று பேச்சு நடக்கிறது.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். மாதம் தவறாமல் வரும் ஒருவரை மூன்று வருடம் பார்த்தேன். தேதி பிசகாது. கேட்டால் “சாப்பிடுறேங்கய்யா” என்பார். என் நோயாளிகளிலேயே ஒழுங்கானவர் என்று நினைத்திருந்தேன். நோய் மட்டும் குறையவே இல்லை, நானும் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு ஓட்டைப் பிரித்தபோது கூரைக்கட்டையில் அட்டை அட்டையாக மாத்திரை இருந்ததாம். மனைவி ஒரு மஞ்சப்பையில் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். ஏனப்பா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க அவ்வளவு நல்லாப் பேசுவீங்க. வேண்டாம்னு சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்.” மாத்திரையால் தாம்பத்யத்தில் அவருக்குச் சிரமம் இருந்திருக்கிறது. மரியாதைக்குரிய டாக்டரிடம் அதை எப்படி எடுப்பது? நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதன் பிறகு யாரிடமும் “ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்கிறேன். விட்டுப்போவது சகஜம் என்று நாமே ஆரம்பித்துவைத்தால் உண்மை வரும்.

அண்ணன் பீடி எவ்வளவு பிடிக்கிறார் என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். புகையிலைப் புகை, ஒலான்சபினைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்துவிடும். மருத்துவமனையில் பீடி இல்லாத மூன்று வாரத்தில் சரியாக இருந்த அளவு, வீட்டுக்கு வந்து நாளைக்கு இரண்டு கட்டு பிடிக்கும்போது போதாமல் போகலாம். திடீரென்று பீடியை விட்டால், அதே மாத்திரை தள்ளாட வைக்கும்.

மருந்து வேண்டுமா என்றால், வேண்டும்

இவ்வளவு சொன்னதால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வாரமாக ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்கள். மனச்சிதைவு நோயில் இந்த இடைவெளி எல்லோரையும் ஏமாற்றும். சர்க்கரை மாத்திரையை விட்டால் சில நாளில் ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இதில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தூக்கமயக்கம் போய், கால் நமநமப்பு போய், ‘விட்டதும் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்றுதான் தோன்றும். அப்புறம்தான் வரும்.

எவ்வளவு பேருக்கு வரும்? 2012இல் லான்செட் மருத்துவ இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், நிறுத்தியவர்களில் 64 சதவீதம். இந்த எண்களை அண்ணனிடமே சொல்லலாம், நான் என் நோயாளிகளிடம் சொல்கிறேன். மருந்து சாப்பிட்டும் 27 பேருக்கு வந்ததே என்று கேட்பார், ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். விட்டவர்களில் 36 பேருக்கு அந்த வருடம் வரவில்லையே என்பார், அதுவும் உண்மைதான். ஆனால் இவருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை விட்டு இரண்டு தடவையும் வந்திருக்கிறது. அந்தக் கணக்கு மற்ற எந்த ஆய்வையும் விட அவருக்குப் பொருந்தும். என் கணிப்பில் அவர் நீண்ட காலம், பல வருடங்கள், ஏதோ ஒரு மருந்தில் இருக்க வேண்டியவர்தான். எந்த மருந்து, என்ன அளவு, எந்த நேரத்தில் என்பதில் அவருக்குப் பேச்சு இருக்க வேண்டும்.

இது தூக்க மாத்திரை, பழக்கமாகிவிடும் என்று பெரியப்பா சொன்னாராமே. தூக்கம் வரும்தான், ஆனால் போதை போல இன்னும் இன்னும் கேட்கும் பழக்கம் இந்த மருந்துகளில் கிடையாது. கவலைப்பட வேண்டியது வேறு: ஒலான்சபினில் உடம்பு போடும், சர்க்கரை ஏறலாம். எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆரம்பத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, அப்புறம் வருடம் ஒரு தடவை பார்க்க வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு தடவையாவது பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை.

ஊசியைப் பற்றி. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் நீண்ட நாள் ஊசிகள் இருக்கின்றன. ஃப்ளூஃபெனசின் போன்ற பழையவை விலை குறைவு, பாலிபெரிடோன் போன்ற புதியவை விலை அதிகம். தினமும் மாத்திரை ஞாபகம் வைக்க வேண்டாம், தினமும் அம்மாவோடு சண்டை வேண்டாம் என்பதால் சிலர் தாங்களே விரும்பிக் கேட்கிறார்கள். அண்ணனுக்கும் பொருந்தலாம். ஆனால் சத்து ஊசி என்று சொல்லிப் போடாதீர்கள். டீயைக் கீழே கொட்டிவிடலாம், போட்ட ஊசியை நான்கு வாரத்துக்கு வெளியே எடுக்க முடியாது. கால் நமநமப்பு திரும்ப வந்தால் அத்தனை நாளும் அனுபவித்தாக வேண்டும். அவருக்குத் தெரிந்துவிட்டால் டீக்கடைப் பையனைத் தவிர வேறு யாரையும் அவர் நம்பப்போவதில்லை.

கட்டித் தூக்கிக்கொண்டு போகலாமா?

கட்டக் கூடாது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கத் தகுதி இல்லாதவர் ஆகிவிட மாட்டார். சொல்வதைப் புரிந்துகொண்டு, சாப்பிட்டால் என்ன, விட்டால் என்ன என்று ஓரளவு யோசித்து, தன் முடிவைச் சொல்ல முடிகிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த முடிவு நமக்குத் தப்பாகப் படுவது மட்டும் போதாது.

நிலைமை மோசமானால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, மற்றவரைத் தாக்குவது, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பது போன்ற கட்டத்தில், அவருக்கு முடிவெடுக்க அதிக உதவி தேவை என்றால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், விண்ணப்பித்துச் சேர்க்கலாம். அது 89ஆம் பிரிவு. ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும், 30 நாள் வரைதான், இதற்கென்றே சட்டப்படி உள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், அண்ணனே அந்த வாரியத்தில் முறையிடலாம். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்று 94ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கு அண்ணன் அந்த நிலையில் இல்லை. டீக்கடையில் காசு கொடுத்துக் கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நியமனப் பிரதிநிதி யார் என்பதை அவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அம்மா வேண்டாம், தங்கை போதும் என்று அவர் எழுதினாலும் செல்லும். அதே சட்டத்தில் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று ஒன்று உண்டு. எனக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து ஒத்துவரும், எது கூடாது என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வாரியத்தில் பதிந்து வைப்பது. அவசர சிகிச்சையை அது தடுக்காது. ஆனால் ஜீப்பில் கட்டப்பட்ட ஒருவருக்கு ‘இனிமேல் இப்படிச் செய்ய மாட்டோம்’ என்று வாயால் சொல்வதைவிட, அவர் கையாலேயே எழுதச் சொல்வது எவ்வளவோ மேல்.

41 நாள் வைக்கும் இடம்: அங்கே சங்கிலி உண்டா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை இந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. கோயிலுக்குப் போவது, நேர்ந்துகொள்வது, விபூதி பூசுவது எதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கல்யாணம் மருந்து இல்லை. மறைத்துச் செய்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் டீயிலும் எதையோ கலந்த மாதிரிதான்.

இனி என்ன செய்யலாம்

முதலில் மன்னிப்பு. அம்மா அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும்: “ஏழு மாசம் டீல மருந்து கலந்தேன்பா. பயத்துல பண்ணினேன். தப்புதான். இனிமே உனக்குத் தெரியாம எதையும் கலக்க மாட்டேன்.” அவ்வளவு போதும். கூடவே ‘நீ ஒழுங்கா சாப்பிட்டிருந்தா’ என்று ஒரு வால் வேண்டாம். அவர் கோபப்படலாம், அழலாம், எழுந்து போய்விடலாம். உங்களுக்குத் தைரியம் வேண்டுமென்றால் அவர் மதிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஜீப்பில் ஏற்றிய நாலு பேரில் ஒருவராக மட்டும் இருக்க வேண்டாம். அதன் பிறகு ஒரு பத்து நாள் மாத்திரை, ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே வேண்டாம்.

அப்புறம் அவரை எது தொந்தரவு செய்கிறது என்று கேளுங்கள். உனக்கு நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வைக்கப் பாடுபடாதீர்கள். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவது இந்த நோயிலேயே பலருக்கு உள்ள ஒரு பகுதி. பிடிவாதம் என்று நினைத்து வாதாடினால் நீங்கள் களைத்துப்போவதுதான் மிச்சம். தூக்கம் வரவில்லை என்பாரோ, வேலை போனது வருத்தம் என்பாரோ, அந்தக் குரல்கள் எரிச்சலாக இருக்கின்றன என்பாரோ, எதை அவரே சொல்கிறாரோ அதற்காக டாக்டரைப் பார்க்கலாம் என்று பேசுங்கள்.

டாக்டரைப் பார்க்கக் கீழே இறங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஜீப்பில் போன அதே சாலை, அதே கொண்டை ஊசி வளைவுகள், அந்த ஆஸ்பத்திரி வாசல் எல்லாமே அவருக்கு ஞாபகம் இருக்கும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாருங்கள், மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். ராத்திரியில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

அறைக்குள் முதலில் அவர் தனியாகப் போகட்டும். நீங்கள் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, அதை அவரிடம் முதலில் காட்டிவிட்டு டாக்டரிடம் கொடுங்கள்: ராத்திரி ஷிஃப்ட், ரோலர், பீடி, காலின் நமநமப்பு, டீயில் கலந்தது, கூட்டிய அளவு, ஐந்து வாரமாக மருந்து இல்லாதது. கலந்து கொடுத்ததை மறைக்காதீர்கள், அது தெரியாமல் புதிதாக எழுதும் அளவு தப்பாகப் போகும். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், “அண்ணன்கிட்டயே கேளுங்க சார்” என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். சிகிச்சை பற்றிய விவரம் கேட்பது அவருடைய உரிமை, நாம் செய்யும் தயவு இல்லை.

சில விஷயங்களில் கண் இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல் இருப்பது, தனியாகப் பேசிச் சிரிப்பது, கடைச் சாப்பாட்டையும் சந்தேகப்படுவது, சாவைப் பற்றிப் பேசுவது. கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அது வருகிறதோ இல்லையோ, தோட்டத்துக்கு வாங்கிய களைக்கொல்லி, பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மருந்து மறுபடி ஆரம்பித்தால், ஐப்பசி மழை தொடங்கும் முன் இரண்டு வாரத்துக்கு அதிகப்படியாக வாங்கி வையுங்கள். மண் சரிந்து ரோடு அடைபடும் ஊரில் மாத்திரை தீர்ந்துபோவதற்கு யாருடைய பிடிவாதமும் தேவையில்லை.

உங்களைப் பற்றி. உடன்பிறந்தவருக்கு இந்த நோய் இருந்தால் தனக்கு வரும் வாய்ப்பு, பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கிலிருந்து நூற்றுக்கு ஒன்பது பத்து என்று ஏறும். அதாவது நூறில் தொண்ணூறு பேருக்கு வராது. கஞ்சா பக்கம் போகாதீர்கள், இதை அண்ணனுக்கும் சொல்லிவையுங்கள். உங்களுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் நோயைச் சொல்லாமல் நிச்சயம் செய்ய அம்மா விரும்புகிறாரே என்று கேட்டதற்கு, பையனிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

நாளைக் காலைக்கு ஒன்று. அம்மா டீயைத் திண்ணையில், அண்ணன் பார்க்கும் இடத்தில் வைத்துப் போடட்டும். ஒரே பாத்திரத்திலிருந்து மூன்று டம்ளரில் ஊற்றி, எது வேண்டுமோ அதை அவர் எடுக்கட்டும். மிச்சத்தை நீங்களும் அம்மாவும் அவர் எதிரிலேயே குடியுங்கள். அவர் எடுக்காமல் கடைக்குப் போனால் கூப்பிடாதீர்கள், அடுத்த நாளும் மூன்று டம்ளர் வையுங்கள்.